மைக்கு ஏற்ற தாள்

பெங்களூரில் அல்சூர் என்று ஒரு பகுதி. அங்கே தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. அப்படி ஒரு வீடு. அம்மா தையல் வேலை செய்கிறார். மகள் கல்லூரியில் படிக்கிறாள்.

வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. பக்கத்தில் ஒரு சின்ன பிரிண்டர். அது மையால் அச்சிடும் பிரிண்டர். இதை இங்க்ஜெட் என்பார்கள். அக்கம்பக்கத்தாருக்கு விண்ணப்பம், போட்டோ, பிள்ளைகளின் பள்ளிப் பாடம் எல்லாம் அச்சிட்டுக் கொடுப்பார்கள். நாலு காசு கிடைக்கும்.

ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். அவர் கட்டட வேலைக்குப் போகிறவர்.

"பாப்பா, இந்த விண்ணப்பத்தைக் கொஞ்சம் அடிச்சுக் கொடும்மா."

வீட்டில் மெல்லிய தாள்தான் இருந்தது. விலை குறைவு என்று வாங்கியது. மகள் அதில் அச்சிட்டாள். எழுத்தின் ஓரங்களில் மை கசிந்தது. போகிற வழியில் தூறல் வேறு. எழுத்து இன்னும் பரவிவிட்டது. 3 எது, 8 எது என்று தெரியவில்லை. "வேறு எழுதிக் கொண்டு வாங்க" என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அக்காவுக்கு ஒருநாள் கூலி போயிற்று.

அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் கனமான, பளபளப்பான தாள் வாங்கி வந்தார். அதில் மை காயவே இல்லை. தொட்டால் விரலில் ஒட்டியது.

"பிரிண்டர் கெட்டுப்போச்சா கண்ணு?"

"இல்லம்மா. தாள்தான் சரியில்லை போல."

மகள் சொன்னது சரிதான்.

மை எப்படித் தாளில் நிற்கிறது?

இங்க்ஜெட் மையில் பெரும்பகுதி தண்ணீர். பிரிண்டருக்குள் மிக நுண்ணிய துளைகள் உள்ளன. அவை தலைமுடியை விட மெல்லியவை. அவற்றின் வழியாக மை சின்னஞ்சிறு துளிகளாகத் தாளில் விழுகிறது.

பழைய செய்தித்தாளில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். என்ன ஆகிறது? உறிஞ்சிப் பரவிவிடுகிறது. வாழை இலையில் விடுங்கள். முத்துப்போல் உருண்டு நிற்கிறது.

மைத்துளிக்கும் இதே கதைதான். தாள் அதிகமாக உறிஞ்சினால் எழுத்து கலங்கும். உறிஞ்சாவிட்டால் மை காயாது. நல்ல தாள் இரண்டுக்கும் நடுவில் இருக்கும்.

தாள் என்பது நாரின் கூழ். மரத்திலிருந்து நார் எடுப்பார்கள். கரும்புச் சக்கையிலிருந்தும் எடுப்பார்கள். கரூர் அருகே காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை உள்ளது. அங்கே 1984 முதல் கரும்புச் சக்கையைக் கொண்டு தாள் செய்து வருகிறார்கள். நார் மட்டும் இருந்தால் மை ஊறிப் பரவும். அதனால் ஆலைகளில் தாளுக்கு மாவுக் கஞ்சி போன்ற பொருள்களைச் சேர்க்கிறார்கள். விலை மலிவான தாள் சிலவற்றில் இந்த வேலை சரியாக நடப்பதில்லை.

உறையைப் படியுங்கள்

பெங்களூர் அவென்யூ ரோட்டில் தாள், நோட்டு, புத்தகக் கடைகள் நிறைய. அம்மாவும் மகளும் அங்கே போனார்கள்.

"அண்ணா, பிரிண்டருக்குத் தாள் வேணும்."

"எந்த பிரிண்டரும்மா? மை போடுறதா, தூள் போடுறதா?"

நல்ல கேள்வி. மை போடுவது இங்க்ஜெட். தூள் போடுவது லேசர். லேசர் பிரிண்டர் தூளைச் சூட்டினால் உருக்கித் தாளில் ஒட்ட வைக்கிறது. அதற்கென்று செய்த பளபளப்புத் தாள் மையை உறிஞ்சாது. அம்மா முன்பு வாங்கியது அந்தத் தாள்தான்.

கடைக்காரர் ஒரு கட்டை எடுத்து வைத்தார். மகள் உறையைப் படித்தாள்.

ஏ4 என்று இருந்தது. அது தாளின் அளவு. அகலம் 210 மில்லிமீட்டர். நீளம் 297 மில்லிமீட்டர்.

500 தாள் என்று இருந்தது. இதை ஒரு ரீம் என்பார்கள்.

80 ஜி.எஸ்.எம். என்று இருந்தது. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் உள்ள தாள் எத்தனை கிராம் எடை என்பதே இந்த எண். எண் கூடினால் தாளின் கனமும் கூடும். சாதாரணத் தாள் 70, 75, 80 என்ற கனங்களில் கிடைக்கிறது. 70 தாளில் பள்ளிப் பாடம் அச்சிடலாம். இரண்டு பக்கமும் அச்சிட 80 நல்லது. எழுத்து மறுபக்கம் அவ்வளவாகத் தெரியாது.

உறையில் உள்ளது உண்மையா? தராசில் வைத்துப் பார்க்கலாம். 500 தாள் உள்ள ஏ4 கட்டு, 80 ஜி.எஸ்.எம். என்றால் சுமார் இரண்டரைக் கிலோ இருக்கும். 70 என்றால் சுமார் 2 கிலோ 180 கிராம் இருக்கும்.

கனம் மட்டும் போதாது. இங்க்ஜெட்டுக்கு ஏற்றது என்று உறையில் போட்டிருக்க வேண்டும். அதையும் பாருங்கள்.

போட்டோவுக்குத் தனித் தாள்

போட்டோத் தாளின் மேல் ஒரு பூச்சு இருக்கும். அது மையை உடனே பிடித்துக்கொள்ளும். நிறம் பளிச்சென்று தெரியும். பல தாள்களில் ஒரு பக்கம் மட்டுமே பூச்சு உண்டு. அந்தப் பக்கத்தில்தான் அச்சிட வேண்டும். எந்தப் பக்கம் என்று தெரியவில்லையா? லேசாக ஈரமான விரலால் ஓர் ஓரத்தைத் தொடுங்கள். பொதுவாக, பிசுபிசுவென்று ஒட்டுவதே பூச்சுப் பக்கம்.

ஓர் எச்சரிக்கை. இங்க்ஜெட் போட்டோத் தாளை லேசர் பிரிண்டரில் போடக்கூடாது. சூட்டில் பூச்சு உருகும். மிஷின் கெட்டுவிடும்.

அச்சிடும்போது எந்தத் தாள் வைத்திருக்கிறோம் என்று கம்ப்யூட்டரில் குறிக்க வேண்டும். சாதாரணத் தாளை வைத்து, போட்டோத் தாள் என்று குறித்தால் மை அதிகமாக இறங்கும். தாள் ஊறிச் சுருங்கும். மையும் வீண்.

மழைக்காலத்தில் கவனம்

பெங்களூரில் ஜூன் முதல் அக்டோபர் வரை மழை உண்டு. தாள் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். பிறகு சுருளும். பிரிண்டரில் சிக்கும். எனவே மீதித் தாளை உறையிலேயே சுற்றி வையுங்கள். கட்டைத் தரையில் வைக்காதீர்கள். அலமாரியில் படுக்கையாக வையுங்கள்.

இன்னொன்று. சில மைகள் நல்ல தாளில் அச்சிட்டாலும் தண்ணீர் பட்டால் கரையும். முக்கியமான தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

அம்மா 80 ஜி.எஸ்.எம். கட்டு ஒன்று வாங்கினார். போட்டோத் தாள் கொஞ்சம் வாங்கினார். அன்று மாலையே அக்காவின் விண்ணப்பத்தை மகள் மறுபடி அச்சிட்டாள். காசு வாங்கவில்லை.

அக்கா தாளை வெளிச்சத்தில் பிடித்தார். விரல் வைத்து ஒவ்வோர் எண்ணாகப் படித்தார்.

"இது 3. இது 8. எனக்கே தெரியுதே!"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்து அக்காவிடம் கொடுத்தார்.

சொல்லுங்கள் பார்க்கலாம்

உங்கள் வீட்டு நோட்டின் உறையை எடுங்கள். அதில் என்னென்ன எண்கள் உள்ளன? தாளின் அளவு எது? பக்கங்கள் எத்தனை?