கைமுதலில் எவ்வளவு மேசைக்கு?

போனில் போக்கர் ஆடக் காசு போடலாமா என்று கேட்கிறீர். தேத்தண்ணி ஆறட்டும் தம்பி, அதற்குள் ஒரு கணக்குப் பார்ப்போம். உம்மிடம் 10,000 ரூபாய் இருக்கிறது என்று வையும். நீர் கெட்டிக்காரர், நூறு ஆட்டத்தில் 55 ஆட்டம் வெல்லக்கூடியவர். வென்றால் வைத்த காசு இரட்டிக்கும், தோற்றால் போய்விடும். ஒவ்வொரு முறையும் கையிலுள்ளது முழுவதையும் வைத்தால் என்ன ஆகும்? பத்தாவது ஆட்டம் முடிந்தும் காசு மிஞ்ச வேண்டுமென்றால் பத்தையும் வெல்ல வேண்டும். உம்மளவு கெட்டிக்காரர் 400 பேர் ஆடினால் ஒருவருக்குத்தான் அது வாய்க்கும். மற்றவர்கள் எல்லாம் ஆட்டம் நன்றாகத் தெரிந்தும் வெறுங்கையோடு எழும்புவார்கள்.

சரி, பாதியை மட்டும் வைப்போம். ஒரு வெற்றி, 15,000. அடுத்தது தோல்வி, 7,500. ஒன்று வென்று ஒன்று தோற்றதற்கே காற்பங்கு போய்விட்டது. ஐந்தில் ஒன்றை வைத்தால் 12,000 ஆகி 9,600க்கு இறங்கும். அந்த 400 ரூபாய்ச் சறுக்கல்தான் உமது கெட்டித்தனம் முழுவதையும் விழுங்குகிறது. வருடக்கணக்காக ஆடினாலும் காசு ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கும். இருபதில் ஒன்றை வைத்துப் பாரும்: 10,500, பிறகு 9,975. சறுக்கல் 25 ரூபாய்தான். நூறில் 55 வெல்கிற கை அதை மூடிவிட்டு மேலே போகும். பெல் ஆய்வுகூடத்தில் இருந்த ஜோன் கெல்லி 1956இல் இதற்கு ஒரு சூத்திரம் எழுதினார். அதன்படி இந்த ஆட்டத்துக்குச் சரியான பங்கு பத்தில் ஒன்று. அதைத் தாண்டி வைக்க வைக்க வளர்ச்சி குறையும். ஐந்தில் ஒன்றைக் கடந்தால் வெல்லக்கூடிய ஆட்டத்திலேயே ஆள் தேய்ந்துபோவார்.

போக்கரில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நான் 55தானா, 51ஆ, 48ஆ என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. நல்ல ஆட்டக்காரருக்கும் மாதக்கணக்கில் நல்ல கடதாசி வராமல் போகும். ஆகவே தொழிலாக ஆடுகிறவர்கள் கெல்லி சொன்னதை விடவும் குறைத்தே வைப்பார்கள். ஒரு மேசையில் உட்காரத் தேவையான காசைப்போல் 20, 30 மடங்காவது கையில் இல்லாமல் அந்த மேசைக்குப் போகமாட்டார்கள். போட்டி ஆட்டங்களுக்கு நூறு மடங்கு வரை வைத்திருப்பவர்களும் உண்டு. ஏனென்றால் ஒரு போட்டியில் ஆடுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் எதுவும் எடுக்காமல்தான் வீட்டுக்குப் போவார்கள்.

அமெரிக்க ஆட்டக்காரர் கிறிஸ் ஃபெர்குசன் 2006இல் ஒரு சதமும் போடாமல், நுழைவுக் காசு இல்லாத போட்டிகளில் தொடங்கி, பிறகு கையிருப்பை 10,000 டொலர் வரை உயர்த்திக் காட்டினார். அவருடைய விதிகள் மிகச் சுருக்கம். சாதாரண மேசையில் கைமுதலின் நூற்றுக்கு 5க்கு மேல் வைப்பதில்லை, போட்டியில் 2க்கு மேல் இல்லை. மேசையில் கிடக்கும் காசு கைமுதலின் பத்தில் ஒன்றைத் தாண்டினால், வென்றுகொண்டிருந்தாலும் எழும்பிவிடுவது. இன்னொரு பக்கம் ஸ்டூ உங்கர். 1980, 1981, 1997 என மூன்று முறை உலகப் போட்டியை வென்றவர், ஆட்டத்தில் அவருக்கு நிகரில்லை என்று பலர் சொல்வார்கள். 1998இல் லாஸ் வேகாசில் ஒரு மோட்டல் அறையில் இறந்துகிடந்தபோது அவரிடம் இருந்தது 800 டொலர் அளவுதான். போதைப்பொருளும் அவரை அழித்தது, உண்மை. ஆனால் மேசையில் வென்ற மில்லியன்களைக் குதிரைப் பந்தயத்திலும் மற்றப் பந்தயங்களிலும் மொத்தமாக வைத்துத் தொலைத்தது அளவு தெரியாத கை.

ஒன்றை மறக்க வேண்டாம். மேசை நடத்துகிறவன் ஒவ்வொரு சுற்றிலும் தன் கழிவை எடுக்கிறான். உமக்கு மற்றவர்களைவிட மேலான கை இல்லையென்றால், எந்தக் கணக்கும் காப்பாற்றாது. காசு மெல்ல மெல்லப் போகும், அவ்வளவுதான். லொத்தர் சீட்டுக்கும் இதே கதி.

இந்தக் கணக்கு நமது ஆட்களுக்குப் புதிது என்று நினைக்காதேயும். சிறுபோகத்துக்கு முன் கிளிநொச்சியில் கூட்டம் வைக்கிறார்களே, அதில் என்ன நடக்கிறது? இரணைமடுக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் என்று முதலில் பார்க்கிறார்கள். குளத்தின் கீழ் இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் வயல் கிடந்தாலும், அந்தத் தண்ணீருக்கு எத்தனை ஏக்கர் தாங்கும் என்று தீர்மானித்த பிறகுதான் விதைப்பு. ஆசைப்பட்டு முழுவதையும் விதைத்தால் கதிர் வரும் நேரத்தில் வாய்க்கால் காயும், எல்லாருக்கும் பதர்தான். தண்ணீரைக் கைமுதலாக வைத்து ஆட்டத்தை அளக்கும் கூட்டம் அது. அதை நடத்துகிற சமூகத்துக்கு ஃபெர்குசன் விதி விளங்காமல் போகாது.

தண்ணீரில் காட்டும் அந்த நிதானத்தைக் காசில் காட்ட நமது கமக்காரரைக் காலமும் கடனும் விடுவதில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை. கடந்த காலத்தை எண்ணிப் பாரும். 2016-17இல் வரட்சி. 2018 டிசம்பரில் இரணைமடு நிரம்பிப் பாய்ந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளக்காடு. 2020 டிசம்பரில் புரெவிப் புயல். 2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை. 2024 நவம்பரில் மறுபடி வெள்ளம், 2025 நவம்பரில் டிட்வா புயல். இவற்றில் எதுவும் கமக்காரரின் பிழை இல்லை. இதுதான் கடதாசி வராத காலம். அதைத் தாங்க ஒரு போகம் முழுவதும் அழிந்தாலும் அடுத்த போகத்துக்கு உழவுக்கும் விதைநெல்லுக்கும் பசளைக்கும் காசு மிஞ்ச வேண்டும். மிஞ்சுவதோ அடைவுகடைத் துண்டு.

அடைவு வைக்க நகை இல்லாத வீடுகளுக்கு நுண்கடன் வந்தது. நெல் காசாக மூன்றரை, நாலு மாதம் வேண்டும். கடன்காரரோ கிழமைக்குக் கிழமை படலையில் நிற்பார். முதல் கடனைக் கட்ட இரண்டாவது கடன், அதைக் கட்ட மூன்றாவது. 2018இல் அரசு தலையிட்டு, வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் மூன்று மாதத்துக்கு மேல் நிலுவை வைத்திருந்த பெண்களின் ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்தது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் அதில் அடங்கும். வட்டிக்கு வருடம் நூற்றுக்கு 35 என்று உச்சவரம்பும் வந்தது. 35 என்பதே வரம்பு என்றால் அதற்கு முன் எங்கே நின்றிருக்கும் என்று யோசியும். நூற்றுக்கு 35 வட்டிக்கு எடுத்த காசோடு எந்தப் போக்கர்க்காரனும் மேசையில் உட்காரமாட்டான். கடன் காசு கைமுதல் ஆகாது. அந்தப் பெண்களுக்கு ஆட்டத்தை விட்டு எழும்புகிற வசதியும் இல்லை, வயல் வீட்டோடு கிடக்கிறது. பழி அவர்கள்மேல் இல்லை, கிழமைத் தவணை போட்டவர்கள்மேல்தான்.

ஆனபடியால், போனில் போக்கர் ஆடக் காசு போடலாமா என்று நீர் கேட்டதற்கு என் பதில் வயலிலிருந்துதான் வரும். இந்தக் காலபோகம் நெல் நல்ல விலைக்குப் போனால், உடனே பக்கத்துக் காணியைக் குத்தகைக்கு எடுக்க ஓடாதேயும். முதலில் வீட்டுச் செலவை ஒதுக்கும். அடுத்த போகத்துச் செலவை ஒதுக்கும். அந்தப் போகம் அழிந்தால் அதற்கடுத்த போகத்துக்கு வேண்டியதையும் ஒதுக்கும். அதற்குப் பிறகும் மிஞ்சினால் குத்தகைக் காணி. வெளிநாட்டிலிருந்து அண்ணன் அனுப்புகிற காசு இதில் எதிலும் சேராது, அது அம்மாவுடையது. இவ்வளவும் போக மிஞ்சுவதில் இருபதில் ஒன்றை வேண்டுமானால் மேசையில் வையும். அது முழுவதும் போனால் அந்த மாதத்துக்குப் போனை மூடிவிட்டு, பின்னேரம் மதகடிக்கு வாரும், நாலு பேர் சேர்ந்தால் காசில்லாமல் சீட்டில் முந்நூற்று நாலு போடலாம்.