மின்னழுத்தம் பெருகும் வகை

அரசலாறு கடலொடு கலக்கும் இடத்தில் அமைந்தது காரைக்கால். பிரெஞ்சுக்காரர் ஆட்சியினின்று 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் விடுபட்ட இப்பகுதி, இன்று புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. கிழக்கே வங்கக்கடல், ஏனைய திசைகளில் தமிழ்நாட்டு நிலம். கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி முதலிய ஊர்களின் மீனவர்க்குக் கடலே வயல். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்தது. அத்தகைய புயலை முன்னறிவிக்கும் சொல், கேட்போர் உயிரைக் காக்கும் சொல்லாகும்.

காரைக்கால் வானொலி நிலையம் 100.3 மெகாஹெர்ட்சு அதிர்வெண்ணில் ஒலிபரப்புகின்றது. நிலையத்தைவிட்டு விலக விலக அலை நலிவுறும். அப்பொழுது வானொலிப் பெட்டியின் ஏரியலில் எழும் மின்னழுத்தம் சில மைக்ரோவோல்ட்டு அளவினதே. ஒரு வோல்ட்டின் பத்து இலட்சத்தில் ஒரு கூறே மைக்ரோவோல்ட்டு. அதனைப் பெருக்கினாலன்றிச் சொல் செவிக்கு எட்டாது.

பெருக்கும் பணியைச் செய்வது டிரான்சிஸ்டர். 1947ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பார்டீன், பிராட்டைன் என்னும் அறிஞர் இருவர் ஜெர்மானியத் துண்டு ஒன்றைக்கொண்டு அதனை முதன்முதல் இயக்கிக் காட்டினர். அவ்விருவரும் ஷாக்லி என்பாரும் 1956இல் நோபெல் பரிசு பெற்றனர்.

டிரான்சிஸ்டருக்கு உமிழ்ப்பான், அடிவாய், ஏற்பான் என மூன்று முனைகள் உண்டு. உமிழ்ப்பானுக்கும் அடிவாய்க்கும் இடையே குறியைச் செலுத்தி, ஏற்பானுக்கும் அடிவாய்க்கும் இடையே பெற்றுக்கொண்டால், அடிவாய் இரண்டிற்கும் பொதுவாகின்றது. ஆதலின் இவ்வமைப்பு பொது அடிவாய்ப் பெருக்கி எனப்படும்.

இதில் ஒரு வியப்பு உண்டு. உமிழ்ப்பானில் பாயும் மின்னோட்டம் நூறு பங்கு எனின், ஏறத்தாழ 98 பங்கே ஏற்பானை அடைகின்றது. எஞ்சியது அடிவாய் வழியே செல்கின்றது. 0.98 என்னும் இவ்விகிதம் ஆல்பா எனப்படும். மின்னோட்டம் குறையும்போது மின்னழுத்தம் பெருகுவது எங்ஙனம்?

அகன்ற வாய்க்காலில் நீர் ஓடச் சிறிது சரிவு போதும். அதே அளவு நீர் ஒடுங்கிய குழாயில் ஓட வேண்டுமாயின் மிகுந்த உயரம் வேண்டும். அதுபோலவே, சிறு தடையில் பாய்ந்த மின்னோட்டம் பெருந்தடையில் பாயும்போது அதன் குறுக்கே மிகுந்த மின்னழுத்தம் தோன்றுகின்றது.

இதனைக் கணக்கிட்டுக் காணலாம். அறை வெப்பநிலையில், ஏறத்தாழ 25 மில்லிவோல்ட்டை உமிழ்ப்பானின் நிலையான மின்னோட்டத்தால் வகுத்தால் உள்ளீட்டுத் தடை கிடைக்கும். அம்மின்னோட்டம் 1 மில்லியாம்பியர் எனின், தடை 25 ஓம். ஏற்பானில் இணைத்த சுமைத்தடை 2,500 ஓம் எனக் கொள்க. உமிழ்ப்பானில் 10 மைக்ரோவோல்ட்டுக் குறி தோன்றினால், 0.4 மைக்ரோஆம்பியர் பாயும். அதில் 0.392 மைக்ரோஆம்பியர் சுமைத்தடையை அடைந்து 980 மைக்ரோவோல்ட்டைத் தரும். ஆகவே பெருக்கம் 98 மடங்கு. சுமைத்தடையை உள்ளீட்டுத் தடையால் வகுத்து ஆல்பாவால் பெருக்கினும் இவ்விடையே வரும்.

இங்கு மாணவர் பலர் தவறுவதுண்டு. குறியைத் தரும் மூலத்திற்கும் தடை உண்டு. ஏரியலின் தடை 75 ஓம் எனின், மொத்தத் தடை 100 ஓம் ஆகும். அப்பொழுது ஏரியலில் எழுந்த அதே 10 மைக்ரோவோல்ட்டுக்கு 245 மைக்ரோவோல்ட்டே கிடைக்கும், பெருக்கம் 24.5 மடங்காகச் சுருங்கும். பெருக்கியை மட்டும் நோக்கி மூலத்தை மறந்தால் கணக்குப் பிழைபடும்.

பெருகிய ஆற்றல் வெறுமையினின்று பிறந்ததன்று, மின்கலம் வழங்கியதே. நலிந்த குறி அதற்கு வழிகாட்டுகின்றது.

இவ்வமைப்பைப் பண்பலை வானொலிகளின் முதற்படியில் பயன்படுத்துவதற்கும் காரணம் உண்டு. நிலத்தோடு இணைந்த அடிவாய், உள்ளீட்டிற்கும் வெளியீட்டிற்கும் நடுவே திரைபோல நிற்கின்றது. ஆதலின் பெருகிய குறி மீண்டும் உள்ளீட்டில் புகுந்து குழப்பம் விளைப்பது குறைகின்றது. மிகுதியாகப் பெருக்குவது மட்டும் சிறப்பன்று. பிறழாது பெருக்குவதே சிறப்பு. புயலை எதிர்நோக்கும் கடற்கரையில் தெளிவாகக் கேட்கும் ஒரு சொல், ஆரவாரமான ஓசையினும் பயன் மிக்கது.