மண்ணு யாருது? மாநிலத்துக்கா, மத்திய அரசுக்கா?

அரியமங்கலத்துல இருந்து பேசுறேன். மாநிலங்கள் நிலத்துக்காகவும் எல்லைக்காகவும் கோர்ட்டுக்குப் போன கதைதான் இன்னைக்கு.

அரசியலமைப்புச் சட்டத்தோட 131வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, மாநிலத்துக்கும் மாநிலத்துக்கும், இல்ல மாநிலத்துக்கும் மத்திய அரசுக்கும் தகராறு வந்தா நேரா உச்ச நீதிமன்றம்தான். கீழ்கோர்ட்டெல்லாம் கிடையாது. இந்தப் பிரிவுல வந்த பழைய பெரிய வழக்கு மேற்கு வங்காளத்தோடது. சண்டை நிலக்கரிக்கு. ஜமீன் ஒழிப்புக்கு அப்புறம் அந்த நிலமெல்லாம் மாநில அரசு கைக்கு வந்திருந்துச்சு. 1957ல நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, நிலக்கரி இருக்கற நிலத்தை மத்திய அரசே எடுத்துக்கலாம்னு ஆக்கிடுச்சு. மாநிலம் கேட்ட கேள்வி சிம்பிள்: தனியார் நிலத்தை எடுக்கறது சரி, ஒரு அரசோட நிலத்தை இன்னொரு அரசு எப்படி எடுக்கும்?

1962 டிசம்பர்ல தீர்ப்பு. ஆறு நீதிபதிகள்ல அஞ்சு பேர் மத்திய அரசு பக்கம். மாநிலங்களுக்குத் தனி இறையாண்மை கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. அதுக்கு அவங்க காட்டுன ஆதாரங்கள்ல ஒண்ணுதான் எனக்கு முக்கியமாப் படுது: 3வது பிரிவு. மாநில எல்லையையே நாடாளுமன்றம் மாத்தலாம். சட்டமன்றத்தோட கருத்தைக் கேட்கணும், ஆனா சம்மதம் தேவையில்ல.

தனியா மறுத்தவர் கே. சுப்பா ராவ். தன்னோட அதிகார எல்லைக்குள்ள மாநிலமும் இறையாண்மை உள்ளதுதான், அதோட சொத்தை எடுக்கற அதிகாரம் இருக்குன்னா அது அரசியலமைப்புல வெளிப்படையா எழுதியிருக்கணும்னு வாதம். எனக்கு இதுதான் நியாயமாத் தெரியுது. இதுல ஒரு சுவாரசியம்: இவரும், எதிர்ப்பக்கம் நின்ன ராஜகோபால ஐயங்காரும் சென்னை உயர் நீதிமன்றத்துல நீதிபதியா இருந்தவங்க.

திருச்சிக்காரங்களுக்கு இது ஈஸியாப் புரியும். ஜங்ஷன் மேம்பாலத்துல சென்னைப் பக்கம் போற கை, கொஞ்சூண்டு ராணுவ நிலம் கிடைக்காம எத்தனை வருஷம் அந்தரத்துல நின்னுச்சு! மத்திய அரசு நிலம் வேணும்னா மாநிலம் கேட்டுட்டுக் காத்திருக்கணும். மாநில நிலம் வேணும்னா அவங்களுக்கு ஒரு சட்டம் போதும்.

சரி, எல்லைத் தகராறு? அமெரிக்காவுல ரோட் ஐலண்டும் மாசசூசெட்ஸும் எல்லைக்கோட்டுக்காகச் சண்டை போட்டப்ப, விசாரிக்க எங்களுக்கு அதிகாரம் இருக்குன்னு 1838லயே அந்த ஊர் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. இங்க அப்படி இல்ல. திருத்தணி நமக்கு வந்தது கோர்ட்டால இல்ல. படாஸ்கர் பரிந்துரை, அப்புறம் 1959 சட்டம், 1960 ஏப்ரல் 1ல கைமாறுச்சு. பெலகாவிக்காக மகாராஷ்டிரா 2004ல 131வது பிரிவுல வழக்குப் போட்டுச்சு. எல்லை நாடாளுமன்றத்தோட வேலை, கோர்ட்டுக்கு இதுல இடமே இல்லன்னு கர்நாடகா சொல்லுது. இருபது வருஷம் தாண்டியும் அந்த வழக்கு முடியல. பெலகாவியில கர்நாடகா சட்டமன்றத்துக்குன்னு ஒரு பெரிய கட்டடமே கட்டி, கூட்டத்தொடரும் நடத்திட்டிருக்கு.