நோய்த் தடுப்பும் ஊராரின் உரிமையும்

தமிழ்நாட்டில் முதன்முதலாகக் கொரோனா நோய் உறுதி செய்யப்பட்டவர் நம் காஞ்சிபுரத்தைச் சேர்ந்தவர். அது 2020 மார்ச் மாதத் தொடக்கம். அம்மாதம் 24-ஆம் நாள் நள்ளிரவில் நாடெங்கும் ஊரடங்கு நடப்புக்கு வந்தது. வயலையும் தறியையும் நம்பி வாழும் கூரம் முதலிய ஊர்களில், அன்று இரண்டுமே நின்றன. மூன்று நாட்களில் வயல் வேலைக்கு விலக்கு அளித்து மத்திய அரசு ஆணையிட்டது. தறிக்கு அப்போது விலக்கு இல்லை.

இதைச் சற்று ஆராய்வோம். உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக அமையும் கோர்வைப் பட்டு நெய்ய, ஒரே தறியில் இருவர் வேலை செய்ய வேண்டும். அவ்விருவரும் கணவன் மனைவியாயின், ஒரே பானைச் சோற்றை உண்டு ஒரே கூரையின்கீழ் உறங்குகிறவர்கள். தறியை நிறுத்துவதால் நோய் ஓர் அடியும் பின்வாங்காது, கூலி மட்டுமே நிற்கும். உதவியாள் வேறு தெருவிலிருந்து வருபவராயின் நிலைமை வேறு. தெருவில் பாவு நீட்டுவதற்கோ பலர் கூட வேண்டும்; அதைச் சில காலம் தள்ளி வைப்பதில் நியாயம் உண்டு. உதவியாள் எத்தெருவிலிருந்து வருகிறார் என்பது அலுவலகக் கோப்பில் இராது. வார்டு உறுப்பினருக்கோ அது நன்கு தெரியும்.

நாட்டில் எங்கும் தடையின்றிச் செல்லும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு குடிமக்களுக்கு அளிக்கிறது. பொது நலனுக்காக அவ்வுரிமைக்கு நியாயமான வரம்பு விதிக்கவும் அதே பிரிவு இடமளிக்கிறது. ‘நியாயமான’ என்னும் சொல்லே இங்கு உயிர்நிலை. பம்பாய்ப் பிளேக்கின்போது இயற்றப்பட்ட 1897-ஆம் ஆண்டுக் கொள்ளை நோய்ச் சட்டம் மிகச் சிறியது. அரசுக்கு விரிந்த அதிகாரம் தருவது. அதன் எல்லையைப் பற்றி அதிகம் பேசாதது. அவ்வாண்டில் புனா நகரில் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து சோதனையிட்டனர். மக்கள் நோயாளிகளை ஒளித்து வைத்தனர். ஜூன் 22-ஆம் நாள் பிளேக் அதிகாரி ராண்டு சுடப்பட்டார்.

நம் காலத்திலும் இத்தகைய துயரம் நேர்ந்தது. 2020 ஜூன் மாதத்தில், குறித்த நேரத்தைக் கடந்து கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சாத்தான்குளத்தில் கைது செய்யப்பட்ட தந்தையும் மகனும் காவலில் உயிரிழந்தனர்.

என் கையாலும் ஒரு பிழை நேர்ந்தது. நோய் கண்ட ஒரு வீட்டுக் கதவில் எச்சரிக்கைத் தாள் ஒட்டும்படி நானே நின்று பணித்தேன். நோய் தீர்ந்து, தாளைக் கிழித்த பின்னரும் அவ்வீட்டில் கறந்த பாலை எவரும் வாங்கவில்லை. அடுத்த வாரம் அத்தெருவில் காய்ச்சல் கண்டவர்கள் கடையில் மாத்திரை வாங்கிக்கொண்டு வாய் திறவாமல் இருந்துவிட்டார்கள். நோயை வெளிப்படுத்த ஒட்டிய தாள் அதை மறைக்கவே பயன்பட்டது. உரிய அதிகாரியின் ஆணையின்றி இவ்வாறு ஒட்டலாகாது என்று 2020 டிசம்பர் 9-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் கூறிற்று. 2022 மே 2-ஆம் நாள் அளித்த மற்றொரு தீர்ப்பில், எவரையும் வற்புறுத்தித் தடுப்பூசி போடலாகாது என்றது. எனினும், சமுதாய நலன் கருதி அளவுக்கு உட்பட்ட கட்டுப்பாடுகளை விதிக்க அரசுக்குள்ள உரிமையையும் அத்தீர்ப்பு ஒப்புக்கொண்டது.

அளவு எது என்பதை ஊராரைக் கேளாமல் அறிவது கடினம். நம் மாவட்டத்தில் 2016 முதல் 2021 அக்டோபர் வரை தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றங்களே இல்லை. என் போன்ற அதிகாரிகளே தனி அலுவலர்களாக இருந்தோம். 2020 அக்டோபர் 2-ஆம் நாள் கூட வேண்டிய கிராம சபைகளும் மாநிலமெங்கும் நிறுத்தப்பட்டன. கோயில்களோ செப்டம்பரிலேயே திறக்கப்பட்டிருந்தன! திறந்த வெளியில், வார்டு வாரியாக, இடைவெளி விட்டு அமர்ந்து சபையை நடத்தியிருக்கலாம் என்பது என் கருத்து.

இனி இத்தகைய நோய் வருமாயின், முள்ளை வெட்டிப் போட்டு ஊர்வழியை அடைக்கும் அதிகாரம் தமக்கு இல்லை என்பதை உறுப்பினர்கள் முதலில் நினைவிற்கொள்ள வேண்டும். பிரசவ வலி கண்ட பெண்ணும் அவ்வழியேதான் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மாவட்ட ஆட்சியரின் ஆணை வந்தவுடன் அதைச் சபையில் படித்துக் காட்டி, எத்தெருவுக்கு, என்ன காரணத்தால், எந்நாள் முதல் எந்நாள் வரை என்பதைப் பதிவேட்டில் எழுதுக. அடைபட்ட வீட்டுக்கு அரிசி, பால், மருந்து கொண்டு சேர்ப்பவர் பெயரையும், அவ்வீட்டு மாட்டுக்கு வைக்கோல் போடுபவர் பெயரையும் அதன் கீழேயே குறித்து வைக்க வேண்டும். முடிவு நாள் குறிப்பிடாத ஆணையாயின், அந்நாள் எது என்று கேட்டு ஆட்சியருக்கு அன்றே எழுதலாம்.