டேர்போ மோட்டார் வண்டியில் அமுக்கக் கட்டுப்பாடும் வளிக்கசிவும்

மாத்தளையிலிருந்து இறத்தோட்டை வழியாக ரிவஸ்டன் மலைக்கு ஏறும் பாதை மோட்டார் வண்டிகளுக்கு ஒரு பரீட்சை மண்டபம் எனலாம். சமதரையில் மறைந்து கிடக்கும் குற்றம் அவ்வளைவுகளில் வெளிப்பட்டுவிடும். டேர்போ பூட்டிய சிறிய காரொன்று அங்கே திடீரென வலுவிழந்து, எச்சரிக்கை விளக்கைக் காட்டி, மாட்டுவண்டிபோல் ஊர்ந்ததை யான் உடனிருந்து கண்டேன். டேர்போ பழுதாகிவிட்டது, புதிது பூட்ட வேண்டும் என்பதே பழுதுபார்ப்பவர் வழங்கிய தீர்ப்பு. உண்மையில் பழுதாகியிருந்தது சுண்டுவிரற் பருமனும் இல்லாத ஓர் இரப்பர்க் குழாய். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. கையிலுள்ள வண்டியையே பேணி ஓட்டும் நம்மவர்க்கு இத்தகைய தீர்ப்பினால் நேரும் பொருளிழப்புச் சிறிதன்று.

டேர்போவின் தத்துவம் எளியது. இயந்திரத்தின் கழிவு வாயு ஒரு சுழலியைச் சுழற்ற, அதே அச்சின் மறுமுனையிலுள்ள சக்கரம் வளியை அமுக்கி உருளைகளுட் செலுத்துகின்றது. வளி மிகுந்தால் எரிபொருளும் மிகுதியாக எரியும், வலுவும் பெருகும். சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூகி 1905 ஆம் ஆண்டிற் காப்புரிமை கொண்ட இக்கருத்து, 1962 இல் ஓல்ட்ஸ்மொபில், செவ்ரலே கார்கள் வாயிலாகப் பொதுமக்களிடம் வந்தது.

ஆயின் சுழலியைத் தன் போக்கில் விட்டுவிட இயலாது. அமுக்கம் எல்லை மீறினால் உருளைக்குள் எரிபொருள் முறைதவறி வெடித்து முசலத்தையே உடைத்துவிடக்கூடும். ஆதலால் கழிவு வாயுவின் ஒரு பகுதியைச் சுழலிக்குச் செல்லாது திருப்பிவிடும் புறவழி வாயில் ஒன்று உண்டு. கராஜ்களில் அதனை வேஸ்ட்கேற் என்பர். அதனை அசைப்பது ஒரு சிமிழினுள் இருக்கும் இரப்பர் மென்றகடு. டேர்போ உண்டாக்கும் அமுக்கமே சிறு குழாய் வழியாக வந்து மென்றகட்டை வில்லுக்கு எதிராகத் தள்ள, வாயில் திறக்கின்றது. குழாயின் இடையிலுள்ள மின்வாயில், கணினியின் கட்டளைப்படி அவ்வமுக்கத்தில் ஒரு பங்கைக் கசியவிட்டு, வாயில் திறப்பதைத் தாமதப்படுத்தும்.

இங்கேதான் விநோதம் நிகழ்கின்றது. அச்சிறு குழாய் வெடித்தால் மென்றகட்டுக்குச் செய்தி எட்டாது, வாயில் திறவாது, அமுக்கம் ஏறிக்கொண்டே போகும். கணினி இதனை உணர்ந்து, இயந்திரத்தைக் காக்கும் பொருட்டு வலுவைக் குறைத்துவிடும். யான் கண்ட கார் ஊர்ந்தது இதனாலேயே. டேர்போ இறந்துவிடவில்லை, தன் கடமையை அளவுக்கு மிஞ்சி ஆற்றியது! ஆனால் வேறு சில வண்டிகளில், சிறப்பாக டீசல் வண்டிகள் பலவற்றில், அமுக்கத்தால் அன்றி வெற்றிடத்தால் இச்சிமிழ் இயங்கும். அங்கே குழாய் வெடித்தால் அமுக்கம் ஏறவே மாட்டாது. ஒரே வெடிப்பு, நேர்மாறான இரு விளைவுகள். அண்மைக்கால வண்டிகள் சிலவற்றில் மின்மோட்டாரே வாயிலை அசைப்பதால் அக்குழாயே இல்லை. எனவே கைவைக்குமுன், தம் வண்டி எவ்வகையினது என்பதை அறிதல் முதற்கடன்.

அடுத்து வளிக்கசிவு. திறொட்டிலுக்கும் உருளைகளுக்கும் இடையிலுள்ள உட்செல் குழாய்த்தொகுதியில், பெற்றோல் இயந்திரம் சுமையின்றி மெல்ல ஓடும்போது அமுக்கம் வளிமண்டலத்தின் மூன்றிலொரு பங்களவுக்குத் தாழ்ந்திருக்கும். ஏற்றத்தில் மிதிக்கும்போதோ வளிமண்டலத்தையும் விஞ்சும். அங்குள்ள ஒரு துளை முதல் நிலையில் வளியை உள்ளிழுக்கும். இரண்டாம் நிலையில் வெளியே ஊதும். உட்புகும் வளியை முகப்பிலேயே அளக்கும் கருவி உள்ள வண்டியில், மெல்லோட்டத்தின்போது அளவையிற் படாத வளி புகுவதால் கலவை மெலிந்து இயந்திரம் நடுங்கும். ஏற்றத்தில் அளந்த வளி வெளியேறிவிடுவதால் எரிபொருள் மிகுந்து கரும்புகை தோன்றும். குழாய்த்தொகுதியின் அமுக்கத்தைக் கொண்டு வளியைக் கணிக்கும் வண்டியிலோ நடுக்கத்திற்குப் பதிலாக மெல்லோட்டத்தின் வேகம் உயர்வதே பெரும்பாலும் முதலறிகுறி. டேர்போவுக்கும் திறொட்டிலுக்கும் இடையே துளை இருப்பின் மெல்லோட்டம் செவ்வனே இருக்கும். சுமை ஏறும்போதே சீறலொலி கேட்கும்.

மலைநாட்டில் வேறொரு மயக்கமும் நேரும். மாத்தளை நகர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 360 மீற்றர் உயரத்திலுள்ளது. அங்கே வளிமண்டல அமுக்கம் சுமார் 97 கிலோபாஸ்கல். 1000 மீற்றர் உயரத்தில் அது சுமார் 90 ஆகிவிடும். ஆகவே வெற்றிடமானி ரிவஸ்டன் பாதையில், நகரிற் காட்டியதைவிட ஏறத்தாழ 50 மில்லிமீற்றர் இரசம் குறைத்தே காட்டும். இதனைக் கசிவெனக் கொள்வது தவறு. தொரிசெல்லியின் குழாயை ஆய்வுகூடத்தில் கண்ட மாணவர்க்கு இது புதுமையாகாது.

சோதிக்கும் முறைக்கு வருவோம். கணினி கேட்ட அமுக்கம் எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு என்பதை ஸ்கானர் கருவியால் ஒப்பிடுக. கேட்டதைவிட மிகுதியாயின் புறவழி வாயிலின் பக்கமும், குறைவாயின் முதலிற் கசிவின் பக்கமும் நாடுக. பின் இயந்திரத்தை நிறுத்தி ஆறவிட்டு, டேர்போவின் வளிவாயை மூடியால் அடைத்து, அழுத்தமானி பூட்டிய பம்பினால் வளியை மெல்லச் செலுத்துக. அரை பார் அளவு பெரும்பாலும் போதும். வண்டிக்குரிய எல்லையைத் தாண்டலாகாது. மூட்டுகளில் சவர்க்கார நீர் தடவினால் குமிழிகள் குற்றவாளியைக் காட்டிவிடும். ஓடும் இயந்திரத்தின் மீது பெற்றோலையோ காபரேற்றர் கழுவுதிரவத்தையோ பீச்சிக் கசிவு தேடும் வழக்கம் நம்மிடையே உண்டு. கொதிக்கும் சுழலியின் அருகில் அது தீயை அழைப்பதாகும். யான் அதனை முற்றாக வெறுக்கின்றேன்.

குழாயை மாற்றும்போது அகப்பட்ட குழாயைச் செருகுதலும் கூடாது. எண்ணெய்ப் புகையையும் சுழலியின் வெம்மையையும் தாங்காத குழாய் சில மாதங்களில் இளகும், அல்லது உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும். மின்வாயிலில் மூன்று குழாய்கள் இருப்பின் கழற்றுமுன் அடையாளமிடுக; இரண்டை மாற்றிப் பூட்டினால் புதிய பழுதொன்று பிறக்கும்.

பெற்றோல் வண்டிகள் பலவற்றில் தடைக்கு உதவும் வெற்றிடச் சிமிழும் இதே குழாய்த்தொகுதியிலிருந்தே வெற்றிடம் பெறுகின்றது. அதன் குழாய் வெடித்தால் மிதிபலகை கல்லாக இறுகும். ஏற்றத்தில் வலுக் குறைந்த வண்டி பாதையோரம் நின்றுவிடும், அவ்வளவே. இறக்கத்தில் தடை இறுகிய வண்டியின் கதி வேறு. ஆதலால் மெல்லோட்டத்தில் மிதிபலகை இறுகுவதை உணர்ந்தவர், ரிவஸ்டனிலிருந்து இறத்தோட்டை நோக்கி இறங்குமுன் அக்குழாயைப் பார்த்துவிட வேண்டும்.