பந்து ஏன் வலப்புறம் வளைகிறது?

கோல்ஃப் ஆட்டத்தைப் புதிதாகக் கற்கும் வலக்கைக்காரர் பலருக்கு ஒரு தொல்லை உண்டு. பந்து நேராகக் கிளம்பும். போகப் போக வலப்புறம் வளைந்து புதரில் போய் விழும். இதற்கு 'ஸ்லைஸ்' என்று பெயர். உடனே ஆட்டக்காரர் இடப்புறம் திரும்பி நின்று அடிக்கிறார். பந்தோ முன்னைவிட அதிகமாக வளைகிறது! ஏன் என்று பார்ப்போமா?

மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு விநாடியில் ஏறத்தாழ 2,000-ல் ஒரு பங்குதான். அந்தக் கணத்தில் இரண்டு திசைகளைக் கவனியுங்கள். ஒன்று, மட்டை செல்லும் பாதை. மற்றொன்று, மட்டையின் முகம் நோக்கும் திசை. பந்து பெரும்பாலும் முகம் நோக்கும் திசையிலேயே கிளம்புகிறது. ஆனால் பாதை அதற்கு இடப்புறமாக இருந்தால், முகம் பந்தை உரசிச் செல்கிறது. மேலிருந்து பார்த்தால் பந்து கடிகார முள் போலச் சுழலும்.

சுழலும் பந்து தன்னைச் சுற்றி ஓடும் காற்றை இடப்புறமாகத் திருப்பிவிடுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி காற்று பந்தை வலப்புறம் தள்ளுகிறது. 1852-இல் இதை ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞரின் பெயரால் இதனை 'மாக்னஸ் விளைவு' என்கிறோம். ஸ்காட்லாந்தில் எடின்பரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் டெய்ட், 1890-களில் கோல்ஃப் பந்தின் சுழற்சியை விரிவாக ஆராய்ந்தார்.

இப்போது கணக்குப் போடுங்கள். முகம் இலக்கை நோக்குகிறது. பாதை 5 டிகிரி இடப்புறம். இடைக்கோணம் 5 டிகிரி. ஆட்டக்காரர் இடப்புறம் திரும்பி நின்றதும் பாதை 10 டிகிரி ஆகிறது. முகமோ இன்னும் இலக்கையே நோக்குகிறது. இடைக்கோணம் இரு மடங்காகிவிட்டது. ஆக, அவர் செய்த திருத்தமே நோயை வளர்த்தது!

சரியான மருந்து இடைக்கோணத்தைக் குறைப்பதுதான். பாதங்களும் தோள்களும் இலக்குக் கோட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். மட்டை உடலின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி வர வேண்டும். முகம் வலப்புறம் திறந்து நின்றால், பிடியில் இரு கைகளையும் சற்றே வலப்புறம் திருப்பிக்கொள்ளலாம்.

மேஜைப் பந்து மட்டையால் நீங்களே சோதிக்கலாம். பந்தின் பின்புறத்தை வலமிருந்து இடமாக உரசியபடி முன்னே அடியுங்கள். பந்து எந்தப் பக்கம் வளைகிறது? அதே அடியை இடமிருந்து வலமாக அடித்தால் என்ன ஆகும்? முதலில் ஊகித்து எழுதிவைத்துவிட்டுப் பிறகு அடியுங்கள்.