குருதி தரும் முன்னறிவிப்பு

சாலை விபத்தில் படுகாயமுற்ற ஓர் இளைஞர் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுகிறார். நினைவு இருக்கிறது, பெயரைக் கேட்டால் சொல்கிறார், ரத்த அழுத்தமும் ஏறக்குறைய இயல்பாகவே இருக்கிறது. சில மணி நேரத்தில் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. 'நன்றாகத்தானே பேசிக்கொண்டிருந்தார்' என்று உறவினர்கள் அரற்றுகின்றனர். இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 1.68 லட்சம் பேர் சாலை விபத்துகளில் உயிரிழந்தனர். அவர்களில் இப்படிப் பேசிக்கொண்டே வந்தவர்களும் உண்டு.

இளம் உடல் நம்மை ஏமாற்றவல்லது. உள்ளே ரத்தம் கசியும்போது, தோலுக்கும் குடலுக்கும் தசைக்கும் செல்லும் குழாய்களைச் சுருக்கி, மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தத்தை உடல் திருப்பிவிடுகிறது. ரத்த அழுத்தமானி காட்டும் எண் சரியாக இருக்கும். ஆனால், கைவிடப்பட்ட திசுக்கள் ஆக்சிஜன் இன்றித் தவிக்கும். அப்போது அந்த உயிரணுக்கள் ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையைச் சிதைத்து ஆற்றலைப் பெற முயல்கின்றன. அதன் விளைபொருள்தான் லாக்டேட். ஒரு லிட்டர் ரத்தத்தில் இது 2 மில்லிமோலுக்குள் இருப்பது இயல்பு. 4-ஐத் தாண்டினால் கவலைக்குரியது. தமனியிலிருந்து சில துளி ரத்தம் எடுத்து, ரத்த வாயுப் பகுப்பாய்வுக் கருவியில் செலுத்தினால் சில நிமிடங்களில் விடை கிடைத்துவிடும். பொருளாதார ஆய்வாளர்கள் முன்னோடிக் குறியீடு என்று சொல்வார்களே, அதுபோன்றது இது.

காயமுற்றோரிடம் இதன் மதிப்பை உணர்த்திய ஆய்வு 1993-இல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்டது. பலத்த காயமடைந்த 76 பேரை அவர்கள் பின்தொடர்ந்தனர். 24 மணி நேரத்துக்குள் லாக்டேட் இயல்பு நிலைக்குத் திரும்பிய 27 பேரும் பிழைத்தனர். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் திரும்பியவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் பிழைத்தனர். 48 மணி நேரம் கடந்தும் குறையாத 22 பேரில் பிழைத்தவர்கள் மூவரே. முதல் அளவைவிட, அது எத்தனை விரைவில் இறங்குகிறது என்பதே முக்கியம் என்ற புரிதல் இத்தகைய ஆய்வுகளால் வலுப்பெற்றது. 76 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான் என்பதையும் மறந்துவிடலாகாது.

நான் மருத்துவன் அல்லன்; புள்ளிவிவரங்களோடு வாழ்நாளைக் கழித்தவன். என் கவலை, இந்த எண்களை நாம் எப்படிப் படிக்கிறோம் என்பதில்தான். ஒரு கணக்கைக் கற்பனையாகவே போட்டுப் பார்ப்போம். காயமுற்ற 100 பேரில் 10 பேர் இறக்கக்கூடியவர்கள் என்று கொள்வோம். ஒரு ரத்தப் பரிசோதனை, இறக்கக்கூடியவர்களில் 90 சதவீதத்தினரைக் கண்டுபிடித்துவிடுகிறது. பிழைக்கக்கூடியவர்களில் 80 சதவீதத்தினரைச் சரியாக விலக்கிவிடுகிறது. கேட்பதற்கு அருமையான பரிசோதனை. ஆனால் அது அபாயம் என்று சுட்டுவது எத்தனை பேரை? இறக்கக்கூடிய 9 பேரையும், பிழைக்கக்கூடிய 18 பேரையும். அதாவது, அபாயப் பட்டியலில் இடம்பெற்ற 27 பேரில் மூன்றில் இருவர் பிழைக்க இருப்பவர்கள்!

படுக்கைகள் குறைவாக உள்ள தீவிர சிகிச்சைப் பிரிவில் இந்தக் கணக்கு உயிர்ப் பிரச்னையாகிறது. 'எண் அதிகமாக இருக்கிறது, நம்பிக்கை இல்லை, வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள்' என்று ஒரு குடும்பத்திடம் சொல்லப்பட்டால், அந்த நோயாளி இறந்துபோவார். கணிப்பும் பலித்ததாகப் பதிவாகும். தானே தன்னை மெய்ப்பித்துக்கொள்ளும் கணிப்பு இது. வங்கி திவாலாகும் என்ற வதந்தியே வங்கியைத் திவாலாக்குவது போல.

போதாக்குறைக்கு, லாக்டேட் காயத்தால் மட்டும் உயர்வதில்லை. மது, வலிப்பு, கல்லீரல் நோய், சிகிச்சைக்காகச் செலுத்தப்படும் அட்ரினலின் ஆகியவையும் அதை உயர்த்தும். இரவு நேர விபத்துகளில் மதுவின் பங்கை நாம் அறிவோம். ஆகவே உயர்ந்த லாக்டேட், 'ரத்தக்கசிவு எங்கே என்று தேடு, விரைந்து செயல்படு' என்ற கட்டளையாக இருக்க வேண்டுமே தவிர, கைவிடுவதற்கான சீட்டாகிவிடக் கூடாது.

இல்லை என்று சொல்வதில் ரத்தப் பரிசோதனைகள் இன்னும் திறமையானவை. லேசான தலைக்காயம் என்று கருதப்படும் பெரியவர்களுக்கு சி.டி. ஸ்கேன் தேவையா என்பதை முடிவு செய்ய உதவும் ரத்தப் பரிசோதனைக்கு, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018 பிப்ரவரியில் அனுமதி அளித்தது. காயமுற்ற மூளையிலிருந்து ரத்தத்தில் கலக்கும் இரு புரதங்களை அது அளக்கிறது. ஸ்கேன் கருவி இல்லாத ஊரிலிருந்து நோயாளியை வேறு ஊருக்கு அனுப்பலாமா, கண்காணிப்பில் வைத்திருக்கலாமா என்று தடுமாறும் மருத்துவருக்கு இத்தகைய பரிசோதனை பரவலாகவும் மலிவாகவும் கிடைத்தால் பெரும் துணையாகும்.

தமிழகத்தில் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம்' திட்டம், விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்க வழிசெய்தது. லாக்டேட் ஆய்வின் 48 மணி நேரத்துக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும், பணத்தைப் பற்றிய பேச்சின்றி முதல் இரண்டு நாள்கள் கிடைப்பது, அந்த எண் இறங்குகிறதா என்று பொறுத்திருந்து பார்க்கும் அவகாசத்தைத் தருகிறது. இந்த 48 மணி நேரத்தில் குறிப்பிட்ட இடைவெளிகளில் லாக்டேட் அளவைப் பதிவு செய்து, நோயாளி பிழைத்தாரா என்ற விவரத்தோடு இணைத்து, பெயர் நீக்கித் தொகுத்தால், நம் நோயாளிகளுக்குப் பொருந்தும் எல்லை அளவு எது என்று நம் தரவுகளிலிருந்தே கண்டறியலாம். இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஏற்கெனவே உள்ள ரத்த வாயுக் கருவியும், ஒழுங்காக நிரப்பப்படும் ஒரு படிவமும் போதும்.